அடுத்த வரிக்கு இறங்கிய சொல்

என் நியமனக் கடிதத்தில் 'தட்டெழுத்தாளர்' என்றுதான் இருந்தது. ஓய்வு பெற்ற நாளிலும் அந்தச் சொல்லை ஒருவரும் மாற்றவில்லை. ஆனால் வேலைக்காலத்தின் பின்பாதி முழுவதும் நான் செய்தது வேறு வேலை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்த ஒரு கப்பல் முகவர் கந்தோரில், மின்னஞ்சல் சேவையகத்துக்குக் கையேடு எழுதி அதைப் பராமரித்து வந்தேன். அந்த இயந்திரம் குழப்படி செய்தால் யார், எந்த ஒழுங்கில், என்ன தட்ட வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் வேலை.

போன மாதம் அந்தச் சேவையகத்தை நிறுத்திவிட்டார்கள். இனிக் கடிதங்களை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பார்த்துக்கொள்ளுமாம். அலுமாரியையும் பழைய கோப்புகளையும் ஒதுக்கிய புதிய அலுவலர்கள் எனக்குத் தொலைபேசி எடுத்து, ஒரே கையேடு நாலு விதமாகக் கிடக்கிறதே, ஏன் நாலு, எதை வைத்திருப்பது என்று கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

உயர்தரம் முடித்து, நகரத்தில் ஒரு மிஸ்ஸின் வீட்டு முன்னறையில் தமிழும் ஆங்கிலமும் தட்டச்சுப் பழகினேன். கந்தோரில் முதலில் ரெலெக்ஸ், பிறகு ஃபக்ஸ், பிறகு கணினி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அப்படி ஒருமுறையும் நடக்கவில்லை. தட்டச்சுத் தெரிந்த ஆள் எல்லா இயந்திரத்துக்கும் தேவைப்பட்டார்.

எங்கள் முகாமையாளர் குலசிங்கம் சேர். வர்த்தகக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக உலகம் சுற்றிவிட்டு, கரையில் வேலை செய்ய எங்களிடம் வந்தவர். மெலிந்த மனிதர். சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைக்கும் நேரம் எவ்வளவு நீளுகிறதோ, கோபம் அவ்வளவு என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம்.

போர்நிறுத்தத்தோடு வந்த சமாதான காலத்தில் ஊருக்கு இணையத் தொடர்பு ஒழுங்காக வந்தபோது, கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து, குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் ஒரு பழைய கணினியை வைத்து மின்னஞ்சல் சேவையகம் அமைத்தார். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய, யாரும் திருத்தக்கூடிய மென்பொருள் அது. ஆவணங்களும் அதோடு கூடவே வருகின்றன, வாசித்தால் எல்லாம் விளங்கும் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். எல்லாம் ஆங்கிலம். நூற்றுக்கணக்கான பக்கங்கள்.

சேர் என்னைக் கூப்பிட்டு, இதை எங்கள் ஆட்களுக்கு விளங்குகிறமாதிரித் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எனக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன்.

"அதனாலதான் உங்களைக் கேக்கிறன், யோகேஸ்வரி. தெரிஞ்ச ஆள் எழுதினால் பாதியை விட்டிட்டு எழுதுவார்."

அதோடு ஒரு நடைமுறையும் சொன்னார். கப்பலில் பழகிய நடைமுறை. எழுதியவர் செய்து பார்க்கக் கூடாது. வேறொருவர் பக்கத்தைச் சத்தமாக வாசித்து, எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும். தன் சொந்தப் புத்தியைப் பாவிக்கக் கூடாது. எழுதியவர் பின்னால் கைகட்டி நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. செய்கிறவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுதினதில் பிழை. அதைத் திருத்தி, மீண்டும் முதல் வரியிலிருந்து.

செய்து பார்க்கும் ஆளாக அவர் நியமித்தது நௌபரை. கிண்ணியாவிலிருந்து தினமும் வருபவர், என் வயதுதான். சுங்கப் பத்திரங்கள் பார்ப்பதோடு சேவையக அறைத் திறப்பும் அவரிடம்தான் இருந்தது. எழுதியதை எழுதியபடி செய்வதில் அவருக்கு நிகரான ஆளை நான் கண்டதில்லை.

முதல் ஒத்திகை நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் தமிழை நாங்கள் பாமினி எழுத்துருவில் தட்டினோம். ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் எழுத்துகள் ஏறி உட்கார்ந்திருக்கும். தமிழ் விளக்கத்துக்கு நடுவே ஆங்கிலக் கட்டளை வரும் இடமெல்லாம் எழுத்துருவை மாற்ற வேண்டும். ஓரிடத்தில் நான் மறந்துவிட்டேன். நௌபர் கணீரென்று வாசித்துக்கொண்டு வந்தவர் நின்றார்.

"மிஸ், 'அயைட' எண்டா என்ன?"

'மெயில்' என்று ஆங்கிலத்தில் தட்டியதுதான் பாமினியில் அப்படி உருமாறி நின்றது. எனக்கு வாய் நமநமத்தது. சேர் என்னைப் பார்த்தார். பேசாமல் நின்றேன். நௌபர் கொஞ்ச நேரம் விசைப்பலகையில் 'அயைட'வைத் தேடிவிட்டு, ஏலாது என்று கையைத் தூக்கினார்.

அதைத் திருத்தினால் அடுத்தது. கட்டளைகளில் இரண்டு சின்னக் கோடுகள் அடுத்தடுத்து வரும். என் எழுதுசெயலி எனக்கு உதவுவதாக எண்ணி, அவற்றை இணைத்து ஒரு நீளக் கோடாக்கி வைத்திருந்தது. தாளில் பார்க்க அழகு. நௌபர் தாளில் கண்டபடி ஒரே கோட்டைத் தட்டினார். கணினி அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. மேற்கோள் குறிகளையும் அது வளைத்து வைத்திருந்தது. கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிப் பார்த்தபோது அதையும் கணினி ஏற்கவில்லை. அன்று காலையில் மட்டும் ஏழு தடவை முதல் வரிக்குத் திரும்பினோம். சேரின் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அதன் பிறகு பல வருடங்களுக்கு எங்கள் கந்தோரில் மின்னஞ்சலுக்குப் பெயரே அயைட. "கொழும்பு அயைட வந்திட்டுதா?" என்று சேரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

அந்தக் காலையோடு நான் ஆவண வடிவங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மென்பொருளோடு வந்த ஆங்கில ஆவணமே நாலு வடிவத்தில் இருந்தது. ஏன் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் விரியும் பக்கம் ஒன்று. அது திரையின் அகலத்துக்குத் தக்கபடி தன் வரிகளை மாற்றிக்கொள்ளும். உலாவியில் பார்க்கும் பக்கம் இரண்டாவது. ஒரு விடயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ அது வசதி. அலங்காரமே இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு மூன்றாவது. அதில் இரண்டு கோடு வைத்தால் இரண்டு கோடுதான், எந்தக் கணினியிலும். நாலாவது அச்சுக்கு. இந்த நாலையும் தனித்தனியே எழுதுவதில்லை. வெறும் எழுத்தில் ஒரே மூலக் கோப்பை எழுதி, அதிலிருந்து மற்றவற்றை ஒரு கணினி நிரல் தயாரித்துவிடும். ஓரிடத்தில் திருத்தினால் நாலும் திருந்தும்.

நானும் அப்படியே செய்தேன்; புதிய அலுவலர்கள் கண்ட நாலும் அப்படி வந்தவைதான். பாமினியைக் கைவிட்டு, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி இடம் தரும் யூனிகோட்டுக்கு மாறினேன். அந்த நாளில் அதுவும் ஒரு பாடுதான். சேர் அச்சு வடிவத்தில் விடாப்பிடியாக நின்றார். சேவையகமே படுத்துவிட்டால், சேவையகத்துக்குள் இருக்கும் கையேட்டை எப்படி வாசிப்பது என்பது அவருடைய கேள்வி. ஆகவே பெரிய தாளில் அச்சடித்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டோம்.

சில வருடங்கள் எல்லாம் நன்றாகவே ஓடியது. எங்கள் வீதியில் இருந்த ஐஸ் தொழிற்சாலை, கப்பலுக்குச் சாமான் வழங்குவோர், ஒரு சட்டத்தரணி, எல்லோருக்கும் எங்கள் சேவையகத்திலேயே கடிதப்பெட்டி கொடுத்திருந்தோம். முன் மேசையில் ஒரு கணினி வைத்து, வெளி ஆட்கள் வந்து கடிதம் அனுப்பவும் விட்டோம். ஒரு பதிவுப் புத்தகத்தில் பெயரும் ஊரும் எழுதிவிட்டு அனுப்புவார்கள்.

பிழை நான் விட்டது அந்த நல்ல காலத்தில்தான்.

ஆணியில் தொங்கிய தாள்கள் மின்விசிறிக் காற்றில் கிழிந்துகொண்டே இருந்தன. கைக்கடக்கமான ஒரு சின்னப் புத்தகமாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. மூலக் கோப்பில் கை வைக்கத் தேவையில்லை. தாளின் அளவைப் பாதியாக்கு என்று நிரலுக்குச் சொன்னால் போதும், அதுவே வரிகளை மடித்துத் தரும். தந்தது. நீல மட்டை போட்டு, சுருள்கம்பி கட்டி, என் காசிலேயே செய்வித்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் வடிவாக இருக்கிறது என்றார்கள். ஒத்திகை பார்க்கவில்லை. ஒரு சொல்லும் மாறவில்லையே, எதை ஒத்திகை பார்ப்பது என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் மூதூரில் என் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். ஒருநாள் லீவு போட்டு, முதல்நாளே குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் ஏறிப் போய்விட்டேன். மறுநாள் தாலி கட்டி முடிந்து, பந்திக்கு வாழையிலை போடும் நேரம், பக்கத்துக் கடைக்காரர் வந்து எனக்குத் தொலைபேசி என்றார். லீவில் போகிறவர்கள் போகும் இடத்தின் இலக்கத்தைப் பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்பது சேரின் ஒழுங்கு.

மறுமுனையில் நௌபர். முந்தின நாள் பின்னேரத்திலிருந்து வெளித்தொடர்பு அறுந்து, கடிதங்கள் எல்லாம் சேவையகத்தின் வரிசையில் காத்திருந்தன. அதோடு, சந்தேகமான குப்பைக் கடிதங்களைத் தனியே நிறுத்தி வைக்கும் பகுதி நிரம்பி வழிந்து இயந்திரம் மூச்சுத் திணறத் தொடங்கியது. அந்தப் பகுதியை மட்டும் காலி செய்யும் முறை கையேட்டில் இருந்தது. நௌபர் அதைப் பார்த்துச் செய்தார். அடுத்த படியில், மிச்சக் கடிதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லி எழுதியிருந்தேன். பார்த்தார்.

"ஒண்டும் இல்ல மிஸ். வரிசை வெறுமையாக் கிடக்கு."

பந்தியில் உட்காராமல் இறங்குதுறைக்கு ஓடினேன். மத்தியான லோஞ்சு கிடைத்தது. குடாவில் காற்று. பட்டுச் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டளையை எழுத்து எழுத்தாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன். சந்தேகமே இல்லை. நௌபர் எதையோ விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் போனபோது அவர் சேவையக அறை வாசலில் ஒரு கதிரையில் இருந்தார். சோற்றுப் பார்சல் பிரிக்காமல் மேசையில் கிடந்தது. வெளித்தொடர்பு திரும்பிவிட்டது, ஆனால் அனுப்பக் கடிதம் இல்லை என்றார். கொழும்புத் தலைமைக் கந்தோர் பின்னேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தது. யார் செய்தது என்று பெயர் வேண்டுமாம். அந்த ஆளை வேலையிலிருந்து நிற்பாட்டுவது பற்றியும் கதைத்தார்களாம்.

"நான்தான் எதையோ பிழையா அடிச்சிட்டன் போல மிஸ். என்னத்த விட்டன் எண்டு எத்தின தரம் பாத்தும் விளங்குதில்ல."

நீல மட்டைப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

கட்டளை நீளமானது. நிரல் இயந்திரத்துக்குள் எங்கே இருக்கிறது என்ற நீண்ட முகவரி முன்னால் வந்து, கடைசியில் மூன்று ஆங்கிலச் சொல். தமிழில் சொன்னால்: நீக்கு, எல்லாவற்றையும், நிறுத்தி வைத்ததில். பெரிய தாளில் அது ஒரே வரி. சின்னத் தாளில் 'எல்லாவற்றையும்' என்பதோடு வரி நிரம்பி, 'நிறுத்தி வைத்ததில்' என்ற கடைசிச் சொல் மட்டும் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. நௌபர் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டுகிறவர். அப்படித்தான் நாங்கள் பழக்கியிருந்தோம். முதல் வரியைத் தட்டி விசையை அழுத்தினார். எல்லாவற்றையும் நீக்கு. இயந்திரம் நீக்கிவிட்டது. இரண்டாவது வரியைத் தட்டினார். அப்படியொரு கட்டளை இல்லை என்றது. தன் கைதான் பிழை என்று நினைத்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை இதில் மறைக்க விரும்பவில்லை. பழைய பெரிய தாள்கள் அலுமாரியில் இருந்தன. அவற்றில் வரி முழுதாக இருந்தது. புத்தகத்தை என் பைக்குள் போட்டுவிட்டுப் பழைய தாளை ஆணியில் மாட்டினால் விடயம் முடிந்தது. பொய்கூடச் சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருந்தால் போதும். நௌபரே தன் பிழை என்று நம்புகிறார். கொழும்புக்கு ஒரு பெயர் வேண்டும், அதுவும் கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம் இருக்கும், நான் பேசாமல்தான் நின்றேன்.

நௌபர் என் சேலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க கலியாணத்தில சாப்பிட்டீங்களா மிஸ்? அரைகுறையில எழும்பி வந்திருப்பீங்க."

புத்தகத்தோடு நேரே சேரின் அறைக்குப் போனேன். "சேர், ஒரு பக்கம் வாசிக்கிறன். கேளுங்க" என்றேன். அவர் பேனையை வைத்தார். படி ஒன்று, படி இரண்டு என்று வாசித்து வந்து, அந்த வரி முடிகிற இடத்தில் நௌபர் நிறுத்தியதுபோலவே நிறுத்தினேன். சேர் விரலை உயர்த்தினார்.

"அதில முடியுதா?"

"புத்தகத்தில முடியுது சேர். பழைய தாளில முடியேல்ல."

கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு நேரம் அவர் அதைத் துடைத்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

"இந்தப் புத்தகத்தை நௌபர் செய்து பாத்தவரா?"

"இல்லை சேர். ஒரு சொல்லும் மாறேல்ல, வடிவம் மட்டும்தானே எண்டு விட்டிட்டன்."

"வடிவமும் நீங்க எழுதினதுதான், யோகேஸ்வரி."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் கடிதக்காரர்களைப் பார்ப்போம், விளக்கம் பிறகு என்று குடையை எடுத்தார்.

சேவையகம் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பது அதில் இருக்கும். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது இருக்காது. நாற்பத்தொரு கடிதங்கள். எங்கள் கந்தோருடையவற்றுக்கு அந்தந்தக் கணினியில் பிரதி இருந்ததால் அரை மணித்தியாலத்தில் திரும்ப அனுப்பினோம். மறுநாள் வரும் கப்பலில் இருந்து இறங்கி ஊர் போக வேண்டிய மாலுமிகளின் பட்டியலும் அதில் ஒன்று. மிச்சம் பதினைந்து, அயலவர்களுடையவை. இடம் மிச்சம் பிடிக்கப் பிரதி சேமிக்காமல் வைத்திருந்தோம்.

வீதி நீளத்துக்கும் நடந்தோம். இயந்திரக் கோளாறு என்று சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம், எங்கள் பிழையால் உங்கள் கடிதம் அழிந்துவிட்டது, மன்னித்து இன்னொருமுறை எழுதித் தாருங்கள், நாங்களே இருந்து அனுப்பித் தருகிறோம் என்று சொல்லுங்கள் என்றார். ஒவ்வொரு வாசலிலும் நான் அதைச் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் அவர்கள் என் பட்டுச் சேலையையும் தலைப்பூவையும் பார்த்துவிட்டு, முதலில் யாருக்குக் கலியாணம் என்று கேட்டார்கள்.

ஐஸ் தொழிற்சாலையின் இயந்திரப் பொறுப்பாளர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் ஹனீபா நானா. ஐம்பது வயது கடந்த, முன்கோபமுள்ள மனிதர். அவர் முதலாளிக்கு எழுதிய கடிதம் போய்விட்டது என்றவுடன் திடுக்கிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"முழுசாப் போயிட்டா? திரும்பி வராதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வராது என்றார் சேர்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹனீபா நானா.

முந்தின நாள் முதலாளியோடு ஏதோ வாக்குவாதமாம். ஆத்திரத்தில் வேலையை விடுகிறேன் என்று எழுதியதோடு நிற்காமல், முதலாளியின் குணநலன்களையும் விபரமாக எழுதி அனுப்பிவிட்டார். விடிந்ததிலிருந்து பதில் வந்துவிட்டதா என்று கடிதப்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு இருந்தாராம். எங்களை இருத்திப் பால் விடாத பிளேன்ரீ தந்தார். திரும்ப எழுதித் தருகிறீர்களா என்று நான் கடமைக்குக் கேட்டதற்கு, அவர் என்னைப் பார்த்த பார்வையில் சேரே சிரித்துவிட்டார். அதன் பிறகும் பல வருடம் அவர் அங்கேதான் வேலை செய்தார்.

பதினைந்தில் பதின்மூன்றை அப்படியே மீட்டோம். ஹனீபா நானாவுடையதைச் சேர்க்காவிட்டால் மிச்சம் ஒன்று. முன் மேசையிலிருந்து போன கடிதம். பதிவுப் புத்தகத்தில் 'பரீனா, குறிஞ்சாக்கேணி' என்று மட்டும் இருந்தது; நௌபரின் கிண்ணியாப் பக்கத்து ஊர். பெறுநர் முகவரியைப் பார்த்தால் கொழும்பில் ஒரு தாதியர் பயிற்சிக் கல்லூரி. சேர் அங்கே தொலைபேசி எடுத்து விசாரித்தார். விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம் அன்று மாலை ஐந்து மணி.

நான் போகிறேன் என்றேன். நௌபர் அதற்குள் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார். புத்தகத்தில்தான் பிழை, உங்களில் இல்லை என்று அவருக்கு அப்போது சொல்லியாகிவிட்டது. அந்தப் பிள்ளையின் மாமாவுக்குக் குறிஞ்சாக்கேணியில் கடை இருக்கிறது, எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் பாதைப் படகில்தான் கடக்க வேண்டும். படகு அக்கரையில் நின்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

நாலு மணி தாண்டி ஒரு பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். பின்னாலேயே இன்னொரு மோட்டார் சைக்கிளில் தமையனோடு பரீனா. இருபது வயதிருக்கும். கையில் அப்பியாசக் கொப்பியின் நாலு பக்கம், வெட்டியும் திருத்தியும் எழுதிய மூலம். நான் கணினியில் இருந்தேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் தட்டினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு வேகமாகத் தட்டியதில்லை. நடுவில் அவர் ஒரு வசனத்தை மாற்றலாமா என்று கேட்டார். நேற்று எழுதியது அவருக்கே பிடிக்கவில்லையாம். மாற்றினோம். ஐந்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கக் கடிதம் போனது. போனதை நாட்குறிப்பில் காட்டிய பிறகுதான் நௌபர் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்.

அந்த வருடம் பரீனாவுக்கு இடம் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல அவரே ஒருநாள் கந்தோருக்கு வந்தார். கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, நேர்முகத்தில் தான்தான் பயந்து வாயடைத்துப் போனதாகச் சொன்னார். எங்களால்தான் இடம் போனது என்று எங்கள் மனம் நோகும் என்று அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

கடிதம் போன அன்றைக்கே, கொழும்புக்கு விளக்கம் எழுத சேர் என்னையே தட்டச் சொன்னார். அவர் சொன்னது மூன்று வசனம். செய்தவர் எழுதியிருந்தபடி செய்தார். எழுதியவர் எழுதியதைச் சோதித்துப் பார்க்கவில்லை. சோதித்துப் பார்த்தாரா என்று கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் பழைய தாளையும் பிரதி எடுத்து இணைத்தார். கொழும்பிலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சேருக்கு என்ன வந்தது என்று அவர் சொல்லவில்லை. நௌபருக்கு ஒன்றும் வரவில்லை. என் கோப்பில் இருந்த ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதுதான். அதைப் பார்த்து நான் வெட்கப்பட்டதில்லை.

புத்தகத்தைத் திருத்தும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் மூலக் கோப்பு அந்த மென்பொருளின் ஆங்கில ஆவணத்தைப் பின்பற்றியது. அப்படியானால் அவர்களுடைய அச்சு வடிவத்தைச் சின்னத் தாளில் எடுத்தால்? எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில், அதே சொல், அடுத்த வரிக்கு இறங்கியது. உலகம் முழுவதும் பாவிக்கிற ஆவணம்.

ஆவணக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் யாரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை, நேரம் கிடைக்கும்போது எழுதுபவர்கள். தட்டெழுத்தாளர் என்று கையெழுத்திட வெட்கமாக இருந்தது, ஆனாலும் இட்டேன். நடந்ததை எல்லாம் சொல்லி, அழிக்கும் கட்டளை எந்த வடிவத்திலும் இரண்டாக உடையக் கூடாது, வரி போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கட்டும், அல்லது அச்சிட மறுக்கட்டும் என்று எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. தாங்களும் அதைச் சோதித்துப் பார்த்ததாகவும், இத்தனை காலம் ஒருவரும் கவனிக்கவில்லை என்றும், அடுத்த வெளியீட்டில் அப்படிப்பட்ட கட்டளைகள் எல்லாவற்றையும் உடையாத வரிகளாகக் குறிக்கப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு கேள்வி: நன்றிப் பட்டியலில் யார் பெயரைப் போடுவது?

நான் நௌபரின் பெயரை எழுதினேன். அவருக்கு அது பெரிய சங்கடம்.

"அழிச்சவன்ட பேரையா மிஸ் போடுற?"

சேர் தன் அறையிலிருந்தே சொன்னார்: "செய்து பாத்தவற்ர பேர்தான் வரவேணும். எழுதினவைக்கு எச்சரிக்கைக் கடிதம் இருக்குத்தானே."

சில மாதம் கழித்துப் புதிய வெளியீடு வந்தது. ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில், வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவே, நௌபர், திருகோணமலை, இலங்கை என்று இருந்தது. நான் அதை அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பாதைப் படகுக்குப் போனார்.

மறுநாள் காலையில் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"மனிசி கேட்டா, என்ன செஞ்சதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லியிருக்காங்க எண்டு. சொன்னதச் சொன்னபடி செஞ்சதுக்கு எண்டன்."

"அதுக்கு?"

நௌபர் திறப்பை எடுத்துச் சேவையக அறையைத் திறந்தார்.

"அது வேற யாரோ நௌபராத்தான் இருக்கும் எண்டுட்டா மிஸ்."